இரண்டாவது பேட்டரி

ஆல்பனி என்ற வெளிநாட்டு ஊரில் என் பக்கத்து வீட்டில் இருந்தவர் மன்னாரைச் சேர்ந்த எலக்ட்ரீஷியன் அக்கா. குள்ளமான உருவம், நரைத்த குட்டை முடி, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச். அவருடைய கார் மழையிலும் தெருவில்தான் நிற்கும். கராஜுக்குள் இருவர் அமரக்கூடிய ஒரு விமானத்தைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வயரைப் பொருத்தியதும் ஒருமுறை பலமாக இழுத்துப் பார்ப்பார். கழன்று வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

கட்டி முடித்த விமானத்தைச் சோதிக்க, பறக்க அனுமதி தரும் அதிகாரி விமானத் திடலுக்கு வந்த அன்று அக்கா என்னையும் துணைக்கு அழைத்திருந்தார். மின்சாரம் நின்றால் அந்த இஞ்சினும் நின்றுவிடும். "மேலே போன பிறகு கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து இஞ்சினைக் கிளப்பினார். பிறகு பிரதான சுவிட்சை அணைத்தார். இறக்கை விளக்குகள் அணைந்தன. தள்ளி நின்ற நான் இஞ்சினையே பார்த்தேன். இஞ்சின் ஒரு விக்கல்கூட இல்லாமல் ஓடியது. இஞ்சினுக்கென்றே அக்கா தனியாக இணைத்திருந்த இரண்டாவது பேட்டரி அதைத் தாங்கிக்கொண்டது.

இறங்கி வந்த அதிகாரி, மற்றவர்களுக்குக் காட்ட அந்த வயரிங்கைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அக்கா தலையசைத்தார்.

அதிகாரி அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் நான் கேட்டேன். "அக்கா, மேல போக பயமா இல்லையா?"

"ஓம் தம்பி, பயம்தான். அதாலதான் ரெண்டு பட்டரி வச்சனான்."

அடுத்த வாரம் அவர் தனியாக வானத்தில் ஏறியபோது, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "அது எங்க பக்கத்து வீட்டு அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.