மாதிரிப் பட்டியலில் நான்கு பேர்

யாகோதா பொய் எழுதமாட்டாள். சஜெச்சார் நகரத்துக் கேபிள் ஆலையில் பதினெட்டு வருடம் சோதனை மேசையில் நின்றவள். ஒருமுறை, தேறாத கேபிள் சுருளைத் தேறியதாக எழுதச் சொல்லி ஃபோர்மேன் அவளைக் கன்னத்தில் அறைந்தான். கையிலிருந்த கேபிள் துண்டால் திருப்பி அடித்தாள். அவன் புருவத்தில் ஏழு தையல். அவளை ஒரு மாதம் வெளியே நிறுத்தினார்கள். தாளில் எழுதிய எண் மாறவில்லை.

வேலைநிறுத்தத்தின்போது சங்கம் ஒரு சாட் சேனல் நடத்தியது. அதை யார் யார் பின்தொடர்கிறார்கள் என்று பட்டியல் எடுக்க, வியன்னாவில் வேலை பார்க்கும் ஒரு தோழர் சின்ன நிரல் ஒன்று எழுதி அனுப்பினார். மறியலுக்கு எத்தனை பேரை நம்பலாம் என்று தெரிய வேண்டுமே. அதற்கான கடவுச்சொல், கம்பி இழுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் திகோமிரிடம் மட்டும் இருந்தது. நிரலோடு ஒரு வரி விளக்கம்கூட வரவில்லை. யாகோதா உட்கார்ந்து எழுதினாள்: எதை முதலில் அழுத்துவது, பிழை காட்டினால் என்ன செய்வது, பட்டியல் எப்படி வரும், எல்லாம். மற்ற ஆலைக்காரர்களுக்கும் உதவட்டும் என்று அதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டார்கள்.

பத்து நாளில் அடி விழ ஆரம்பித்தது. முதலாளி கூட்டிவந்த காவல் ஆட்கள். செவ்வாய்க்கிழமை பேருந்து நிறுத்தத்தில் மிலுடினின் முழங்காலை இரும்புக் குழாயால் நொறுக்கினார்கள். புதன்கிழமை ஜிவோராத், முன்பல் ஒன்று மிஞ்சவில்லை. வியாழக்கிழமை காலை வுகாஷின். மேலாளரின் கார் ஓட்டுநர் அவன். ரகசியமாகச் சேனலில் இருந்து, உள்ளே நடப்பதைச் சங்கத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன். அதே காரின் கதவிடுக்கில் அவன் கைகளை வைத்துக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு முறை.

வுகாஷின் சங்கத்து ஆள் என்று அந்தப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் இல்லை. பட்டியல் எடுக்கக்கூடியவன் திகோமிர் ஒருவன்தான். அன்று மதியமே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ராதிசாவ் அவனைத் தன் கராஜுக்குள் இழுத்துப் போட்டான்.

யாகோதா உள்ளே நுழைந்தபோது திகோமிரின் வலது கை மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் இறுகியிருந்தது. சுண்டுவிரல் ஏற்கனவே தப்பான பக்கம் திரும்பியிருந்தது.

“யாருக்குடா வித்த? சொல்லு நாயே.”

“எங்கம்மா மேல சத்தியமா இல்லண்ணே.”

“அவங்கள இழுக்காத. உன்னப் பெத்தது ஒண்ணே போதும் பாவம்.” ராதிசாவ் உதைத்தான். “இது மிலுடினுக்கு. இது ஜிவோராதுக்கு. இது வுகாஷினுக்கு.”

இந்த வரிசையை யாகோதா இருபது முறை படித்திருக்கிறாள். நான்காவது பெயர் தானாகவே நாக்கில் வந்து நின்றது.

இணையத்தில் போட்ட விளக்கத்தில், ‘பட்டியல் இப்படி வரும்’ என்ற இடத்தில் இல்லாத பெயர்களைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. திகோமிரிடம் நிரலை ஓட்டச் சொல்லி, திரையில் வந்த முதல் நான்கு வரிகளை அப்படியே ஒட்டியிருந்தாள்.

ராதிசாவ் வைஸின் கைப்பிடியைத் திருகினான். இன்னொரு விரல் முறிந்தது. திகோமிர் அலறினான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள்மேல் பழி வராது. அவன் கை போய்விடும்.

“நிறுத்து ராதிசாவ். நாந்தான்.”

“என்னக்கா நாந்தான்? தள்ளி நில்லுங்க, ரத்தம் தெறிக்கும்.”

விளக்கப் பக்கத்தைப் போனில் திறந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். “படி.”

உதடு அசைய அசையப் படித்தான். நான்காவது வரியில் நின்றான்.

“உன் பேருதான். ஒரு நாளைக்கு ஒரு ஆள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, உன் முறை.”

புறங்கையால் ஒரே அறை. அவள் ஸ்பானர் தட்டின்மேல் விழுந்தாள். உதடு கிழிந்தது. பக்கத்தில் கம்பி கிடந்தது, அவள் எடுக்கவில்லை.

“இத இப்பவே அழிச்சிடுறேன்,” என்றாள்.

ராதிசாவ் வைஸைத் தளர்த்தினான். திகோமிரின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. “அழிக்காதீங்க. வரட்டும் அவனுங்க.”

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான்கு பேர் குழாயோடு ராதிசாவின் கேட்டைத் திறந்தார்கள். முற்றத்தில் முப்பது பேர் காத்திருந்தார்கள். முன்வரிசையில் யாகோதா, கையில் கேபிள் துண்டோடு. முதல் தாடை அவள் உடைத்தது. வந்த நான்கு பேரில் ஒருவன்தான் நடந்து திரும்பினான். அதனால் வுகாஷினின் கைகள் சரியாகிவிடவில்லை. அவன் இனி ஸ்டியரிங் பிடிக்க முடியாது.

மதியம் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து நான்கு வரிகளையும் அழித்தாள். கட்டுப் போட்ட கையோடு திகோமிர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“சும்மா நாலு பேர் போடுங்கக்கா.”

“இல்லாத ஆள எப்படிடா போடறது?”

“இருக்கிற ஆளப் போட்டுத்தான கிழிச்சீங்க.”

கடைசியில் மனத்துக்குத் தோன்றிய நான்கு பெயர்களை எழுதினாள். திகோமிர் குனிந்து படித்தான்.

“ரெண்டாவது பேரு எங்க மாமா பேருக்கா. பேக்கிங் செக்ஷன்.”

அழித்தாள்.