க்ரால்ஸ்டெட் வரிசை

சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தபோது மகன் சென்னையிலிருந்து போனில் பேசினான்.

"பொறந்த பையனுக்குப் பெரிய தாத்தா பேரையே வெச்சிட்டோம்பா, க்ரால்ஸ்டெட். நெட்ல பாத்தேன், ஜெர்மனியிலயே அந்தப் பேர்ல ஆள் அபூர்வமாம். ஏதோ ஊர் பேராம். அந்த ஊரே இப்ப இல்லியாம்."

சுண்ணாம்பு நெடி மூக்கில் ஏறியது. இதே நெடிதான், நான் சிறுவனாயிருந்தபோது, திண்டிவனம் கல்லறைத் தோட்டத்திலும்.

எங்கள் பாட்டனாருக்கு ஞானஸ்நானம் கொடுத்துத் தன் பெயரையும் கொடுத்த ஜெர்மன் பாதிரியார் வரிசையில் முதலில் படுத்திருந்தார். அடுத்தடுத்து, அந்தப் பெயர் வைக்கப்பட்ட எங்கள் வீட்டு மூத்த பிள்ளைகள். ஒருவருக்கும் தலை நரைத்ததில்லை. கல்லறைத் திருநாளுக்கு முன்தினம், அதே பெயர்கொண்ட பெரியப்பாதான் எல்லாவற்றுக்கும் வெள்ளையடிப்பார். அந்த வருஷம் மிஞ்சிய சுண்ணாம்பில், பக்கத்து வெறுந்தரையில் ஒரு கட்டம் போட்டார்.

"இன்னா பெரியப்பா இது?"

"எனக்கு எடம் புடிச்சிக்கினு இருக்கேன்டா" என்று சிரித்தார்.

மழை அந்தக் கட்டத்தை அழிப்பதற்குள் அங்கேயே அவருக்குக் குழி வெட்டினார்கள். அதன்பின் அப்பா அந்தப் பெயரை யாருக்கும் வைக்க விடவில்லை.

"வேற பேரு பாருடா" என்றேன் மகனிடம்.

"காலையிலயே பதிஞ்சாச்சுப்பா."

சுண்ணாம்பு சொட்டும் வெள்ளையடிக்கிற மட்டையைத் தரையில் வைத்தால் கோடு விழுமோ என்று பயந்து, கையிலேயே பிடித்தபடி நின்றேன்.