மூன்று மணிக்குப் பார்க்காத வீடு

எங்கள் பக்கத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள் தை மாதத்தில் போவார்கள், அதுவும் வளர்பிறையில். காலை ஒன்பது மணிக்குள் பார்த்து முடித்து, வழியில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். தை மாதத்துக் காலை ஒன்பது மணிக்குச் சேலத்திலிருந்து நாமக்கல் வரை கெட்ட வீடு என்று ஒன்று கிடையாது. தகரக் கொட்டகைகூட அந்த நேரத்தில் சுகமாகத்தான் இருக்கும்.

ஓய்வுபெற்ற வருடம் நானும் அப்படித்தான் போனேன். கக்கத்தில் ஒரு கோப்பு கூடுதலாக இருந்தது. நிலப் பதிவேடுகளோடு முப்பத்து நான்கு ஆண்டுகள் குடும்பம் நடத்தியவன். ஒரு வில்லங்கச் சான்றைப் பார்த்தால் அந்த நிலத்தில் எந்த அண்ணன் எந்தத் தம்பியை ஏமாற்றினான் என்று சொல்லிவிடுவேன். சேலத்தில் நாங்கள் இருந்த அரசுக் குடியிருப்புக்குத் தடித்த சுவர், மேற்கே இரண்டு வேப்பமரம். அதைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கியது.

என் மனைவிக்கு வெயில் ஆகாது. பிற்பகல் வெக்கை ஏறினால் கண் கூசும், ஒரு பக்கத்து மண்டை இடிக்கும், பிறகு வாந்தி. அன்றைய நாள் அதோடு முடிந்தது. ஏசி போட்டால் குளிர் காற்றில் அதே தலைவலி வேறு வழியாக வரும். அதனால் அவள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"பட்டா, சிட்டா எல்லாம் நீங்க பாத்துக்குங்க. மத்தியானத்துல வெயிலு எறங்காத ஊடா மட்டும் பாருங்க."

நான் பட்டா, சிட்டாவைப் பார்த்தேன்.

ஏற்காட்டுக்குப் போய்விடுங்கள் என்று சொன்ன நண்பர்கள் உண்டு. அப்படிச் சொன்ன ஒருவரும் ஏற்காட்டில் இல்லை. அங்கே வீடு வாங்கி, தலையணையில் பூஞ்சை பூத்ததும் பூட்டிவிட்டு இறங்கி வந்தவர்கள்.

கடைசியில் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, புது மனைப்பிரிவில் ஒரு வீடு அமைந்தது. தரகர் வாசலில் நின்று மனப்பாடமாக ஒப்பித்தார்.

"கெழக்குப் பாத்த வாசலுங்க சார். அக்கினி மூலையில சமையக்கட்டு. கன்னி மூலையில பெரிய பெட்ரூமு. இப்புடி அமையறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்."

கன்னி மூலை என்றால் தென்மேற்கு. குடும்பத் தலைவன் அங்கேதான் படுக்க வேண்டும் என்று எங்களூரில் எல்லா வீட்டையும் அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். மேற்கு வெயில் முழுதும் வந்து விழுகிற மூலை அது.

நான்கு முறை போனோம். நான்கும் காலை. நான்காவது முறை என் மனைவி தரகரிடம் கேட்டாள், "ஒருக்கா மூணு மணிக்கு வந்து பாக்கலாமுங்களா? நாளைக்கே வாரேன்."

"நாளைக்கு வெள்ளிக்கெழமைங்கம்மா. மூணு மணிக்கு எமகண்டம்."

"அப்பச் செவ்வாக்கெழமை."

"செவ்வாக்கெழமை மூணு மணிக்கு ராகு காலமுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். எமகண்டத்தை நம்பாதவன் நான். அலுவலகத்தில் ராகு காலத்தில்தான் முக்கியமான கோப்புகளில் கையெழுத்துப் போடுவேன், மற்றவர்கள் துடிப்பதைப் பார்க்க. அந்த நான் சொன்னேன், "முப்பது வருசத்து வில்லங்கம் பார்த்தாச்சு. மூணு மணிக்கு வந்து இன்னும் என்ன பார்க்கப் போகிறாய்?"

புதுமனை புகுவிழாவை விடியுமுன் வைத்தார் ஐயர். வந்தவர்கள் எல்லாம் "நல்லாச் சில்லுன்னு இருக்குதுங்க" என்று பாராட்டினார்கள். சூரியன் இன்னும் உதித்திருக்கவில்லை.

பங்குனியில் வீடு தன் குணத்தைக் காட்டியது. மேற்கே வெற்று மனை, அதற்கப்பால் சோளக்காடு, அதற்கப்பால் வானம். பன்னிரண்டரை மணிக்குச் சூரியன் எங்கள் சுவருக்கு வந்தால் ஆறரை வரை வேறு எங்கும் போகாது. இரவு சாப்பிட்ட பிறகும் அந்தச் சுவரில் முதுகு சாய்க்க முடியாது. மொட்டை மாடியில் தென்னங்கீற்று போட்டேன். ஜன்னலில் நனைத்த சாக்கு கட்டினேன். பச்சை வலை கட்டினேன், ஆடிக் காற்று அதைப் பிய்த்துச் சோளக்காட்டுக்குக் கொடுத்தது. என் மனைவி பாயைத் தூக்கிக்கொண்டு நிழலைத் தேடி வீடு முழுக்கச் சுற்றினாள். மூன்று மணிக்கு அவள் படுத்திருந்த இடம், சாமான் அறையில் அரிசி மூட்டைக்கும் பழைய டிரங்குப் பெட்டிக்கும் நடுவே.

எங்கள் தெருமுனையில் ஒரு கோழிப்பண்ணை. கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக, குறுகிய பக்கம்தான் வெயிலுக்கு. ஏன் இப்படி என்று பண்ணைக்காரரைக் கேட்டேன்.

"நீளப் பக்கத்துல வெயிலு அடிச்சாக் கோழி செத்துப் போயிருமுங்க."

"உங்கள் வீடு?"

"அது வாஸ்துப்படி கட்டுனதுங்க. கன்னி மூலையிலதான் படுக்கறது."

"மத்தியானம் தூங்க முடிகிறதா?"

"எங்கீங்க? இங்க வந்து கோழியோட படுத்துக்குவேன்."

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அதைச் சொல்ல அவளை எழுப்ப முடியவில்லை. நெற்றியில் ஈரத் துணியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அன்று சாயங்காலம் அவளே பேசினாள்.

"அடுத்த கோடையும் இப்புடியே இருந்துச்சுன்னா நான் பெங்களூருக்குப் புள்ளை ஊட்டுக்குப் போயிர்றேனுங்க. நீங்க பத்திரத்தோட இருந்துக்குங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளிடம் முன்பே பேசி முடித்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் அனுமதி கேட்காமல் தகவல் மட்டும் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த மழைக்காலத்தில் மேற்கு மனைக்காரர் வீடு கட்டக் கடைக்கால் எடுத்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். வருடத்தில் பாதி நாள் வண்டியோடு வடக்கே எங்காவது பாறையைக் குடைந்துகொண்டிருப்பார். தளம் எழும்பிய பிறகு நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். பக்க இடைவெளி என்று விதி சொல்வதில் காலில் ஒரு பங்குகூட அவர் விடவில்லை.

"ஏனுங்க சார், டேப்பப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? கேட்டா நானே சொல்லிருப்பேனுங்களே."

"எவ்வளவு விட்டிருக்கிறீர்கள்?"

"ஒரு ஆளு ஒருக்களிச்சுப் போலாமுங்க. கொஞ்சம் ஒல்லியான ஆளு."

வீட்டுக்கு வந்து ஆட்சேபணை மனு எழுதத் தொடங்கினேன். விதி, உட்பிரிவு, அளவு, வரைபடம், இணைப்பு. நான் எழுதிய மனுக்களில் அதுதான் மிகச் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். திருத்தித் திருத்தி எழுதியதில் மாசி முடிந்துவிட்டது. அதற்குள் மேஸ்திரி முதல் மாடிக்கும் தளம் போட்டுவிட்டார்.

வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருப்பதால் மனுவில் அவள் கையெழுத்தும் வேண்டும். பங்குனியில் ஒருநாள், உறையில் முகவரிகூட எழுதிவிட்டு, பிற்பகல் மூன்று மணி வாக்கில் அவளைத் தேடினேன். சாமான் அறையில் இல்லை. கூடத்தில் இல்லை. கன்னி மூலை அறையில், கட்டிலில், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

சுவரில் கை வைத்தேன். சும்மா சுவர் மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே விதிமீறிய சுவர், பூசாத செங்கல்லோடு வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது.

கையில் உறையோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலு மணிக்கு எழுந்தாள்.

"மணி எத்தனீங்க?"

"நாலு."

"நாலா?" தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "வலிக்கலீங்க. கையில என்னங்க அது?"

"ஒன்றுமில்லை. பழைய காகிதம்."

அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் என் காகிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. காப்பி போடப் போய்விட்டாள்.

சித்திரையில் மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்கு வந்த ரிக் வண்டிக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார் மனு எழுதறதா மேஸ்திரி சொன்னானுங்க. உங்க பேனாவப் பத்தி ஊருக்கே தெரியுமுங்க. எனக்கு எதுக்குங்க வம்பு? இந்தப் பக்கத்துச் சுவரை இடிச்சு உள்ள தள்ளிக் கட்டிக்கறேனுங்க. இன்னொரு மாடி போடலாம்னு இருந்தேன், அதையும் உட்டுர்றேன்."

நான் பதறிப் போனேன். "இடிக்க வேண்டாம்!" என்று கத்தியதில் அவர் பழத்தைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளேயிருந்து என் மனைவி வந்து நிலைப்படியில் நின்றாள். "அந்த மாடியையும் போடுங்க. கைப்பிடிச் சுவரைக் கொஞ்சம் உசத்தியா வெய்யுங்க. சித்திரையில ரெண்டு மணிக்கு லேசா ஒரு கீத்து வெயிலு வருது."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இதில் ஏதோ சட்டச் சூழ்ச்சி இருக்கிறது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எங்கள் வாசற்படியில் இன்றும் கால் வைக்க மாட்டார்.

இரண்டாவது மாடிக்கு அனுமதி விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அவருக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது, எனக்கு வேறு எதுவும் தெரியாது. சுவர் மறைத்ததில் இப்போது எங்கள் கூடம் இருண்டுவிட்டது. நாலு மணிக்கே விளக்கைப் போட்டுத்தான் அதை எழுதினேன். பக்க இடைவெளி என்ற கட்டம் வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் காலிக் கட்டம் இருந்த எந்த விண்ணப்பத்தையும் நான் வாங்கியதில்லை. கிழவிகளைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உள்ளே அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டத்தைக் காலியாக விட்டுப் பேனாவை மூடினேன்.