அட்டை செல்லாத காயம்

காலை ஐந்தே முக்காலுக்குத் துறையூரில் திருச்சி பஸ் ஏறினோம், நானும் என் அக்கா செல்லம்மாளும். அக்காவுக்கு எழுபத்து மூன்று வயது, நெடுநாள் சர்க்கரை. இடது கால் கட்டைவிரலில் சுண்டைக்காய் அளவு புண், ஒரு மாதமாக ஆறவில்லை. துறையூரை அடுத்த எங்கள் ஊர் சுகாதார நிலையத்து டாக்டர் மாற்றலாகிப் போனபின் வேறு யாரும் வரவில்லை. நர்ஸ்தான் கட்டுப் போடுவார். "டாக்டர்கிட்ட காட்டிடுங்கம்மா" என்பார்.

நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு முப்பது ரூபாய். "அரசாங்கக் கார்டு இருக்குடா, அஞ்சு லட்சத்துக்கு. என்ன பயம்?" என்றாள் அக்கா.

ஏழே காலுக்குத் திருச்சி எல்லையில் நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். கொள்ளிடம் பாலத்தில் ஆட்டோக்காரர், "கோயிலுக்குங்களா?" என்று கேட்டார். டாக்டரிடம் என்றேன்.

எட்டரை மணி. ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, அப்போதுதான் கவுண்டர் திறந்தார்கள். காப்பீட்டு அட்டை ஏற்கப்படும் என்று வாசலில் பலகை இருந்தது. கவுண்டர் பெண் அட்டையைத் திருப்பித் தந்தாள்.

"பெட்ல சேர்த்தாத்தாங்க இது செல்லும். டாக்டரைப் பார்க்கிறதுக்குச் செல்லாது."

"பார்த்தாத்தானேம்மா சேர்க்கணுமா வேண்டாமான்னு தெரியும்?" என்றாள் அக்கா.

ஃபீஸ் ஐந்நூறு, டெஸ்ட்டுகள் தனி. என்னிடம் பணம் இருந்தது. அக்கா வேண்டாம் என்றாள், நான் வற்புறுத்தவில்லை.

ஸ்ரீரங்கத்திலேயே அரசு மருத்துவமனையில் பத்து மணிக்கு வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் எங்கள் வயதுக்காரர்கள். பன்னிரண்டு மணிக்கு, எங்களுக்கு முன்னால் ஆறு பேர் இருக்கும்போது, இருந்த ஒரே டாக்டரையும் அவசர கேஸுக்கு அழைத்துக்கொண்டார்கள். "நாளைக்குச் சீக்கிரமா வாங்க" என்றார் ஊழியர்.

மறுநாள் அக்காவால் பஸ் படியேற முடியவில்லை. மூன்றாம் வாரம் காய்ச்சலும் பிதற்றலுமாக, ஆம்புலன்ஸில் அதே நாற்பத்தைந்து கிலோமீட்டர் போனோம். அதே கவுண்டரில் இந்த முறை அட்டை செல்லுபடியானது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பதினோராம் நாள் பிற்பகல் டிஸ்சார்ஜ். "ஒரு ரூபா கட்ட வேண்டாம், எல்லாம் கவர் ஆயிடுச்சுங்க" என்று அந்தக் கவுண்டர் பெண் உண்மையான சந்தோஷத்தோடு சொன்னாள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். அதற்கு அட்டை செல்லாது.

வாடகைக் கார் பாலத்தைக் கடந்தது. திருச்சியில் தெருவுக்கு ஒரு டாக்டர் பலகை கண்ணில் படுகிறது. எங்கள் ஊரில் டாக்டர் அறை இன்னும் பூட்டியே கிடக்கிறது.

"நாளன்னைக்குக் கட்டு மாத்த எந்த டாக்டர்கிட்டடா போறது?" என்றாள் அக்கா. காரை ஓட்டியவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.