டவர் பாறையும் என் சைபர் பாதுகாப்பும்

குற்றவியல் நீதி படிப்பில், அதுவும் சைபர் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தால், முதல் வருஷமே ஒன்று தெரிந்துவிடும்: ஏமாற ஊரே தயாராக இருக்கும், நாம் சொல்வதைக் கேட்கத்தான் ஆள் கிடைக்காது. வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கப் போய், பெயரைச் சொன்னாலே எதிராளி கொட்டாவி விடுகிற படிப்பாகப் பார்த்துச் சேர்ந்த என் இனத்தவரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜீப்பில் ஒரு நேர்காணல்

போளூரில் ரயில் இறங்கி, மலை பஸ் ஏறி, அது விட்ட இடத்தில் ஷேர் ஜீப் பிடித்தால்தான் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போக முடியும். முதல் செமஸ்டர் லீவில் ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பல்கலைக்கழக மாணவி இல்லையா, கொஞ்சம் மிதப்பு.

"இன்னா படிக்கிற?" என்றார் டிரைவர் அண்ணன். சொன்னேன். "வக்கீலா?" இல்லண்ணா. "போலீஸா?" பரீட்சை எழுதலாம், இப்ப இல்ல. "அப்ப போன் டிஸ்ப்ளே மாத்துவியா?" மாட்டேன் என்றேன். ஸ்டியரிங்கை ஒரு தட்டு தட்டினார். பிறகு சொன்னார்: "சரி, பின்னாடி போய் ஒக்காரும்மா. முன் சீட்டு நர்ஸம்மாவுக்கு வெச்சிருக்கேன்."

பிளாஸ்திரி

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில். ஊருக்கு மேலே ஒரு பாறை. டவர் பாறை என்றே பெயராகிவிட்டது. பக்கத்து நெல்லி மரத்தில் ஊர் போன்கள் எல்லாம் மஞ்சப் பையில் தொங்கும். ஒவ்வொரு போன் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி, ஆள் பேரும், போனைத் திறக்கிற நம்பரும் பேனாவில் எழுதியிருக்கும்.

அங்கே ஆடு மேய்க்கும் என் பெரியப்பா வேலுதான் எல்லா போனையும் எடுப்பார். யார் கூப்பிட்டாலும் "நீ யாரு, எந்த ஊரு, யார் வூட்டுப் புள்ள?" மூன்றுக்கும் பதில் வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. எங்கள் புரொஃபசர் மேடம் ஒருமுறை கூப்பிட்டபோது, பெரியப்பா மேடத்தின் மாமியார் ஊர் வரை விசாரித்துவிட்டுத்தான் எனக்குச் சத்தம் கொடுத்தார்.

ரேஷன் கடையில் யாருக்காவது பதிவு போட்டு ஓடிபி வந்தாலும் இதே கதைதான். பெரியப்பா பாறை மேல் நின்று "நாலு! ஏழு! ஏழு! ரெண்டு!" என்று கத்துவார். கீழே கேட்கவில்லை என்றால், நடுவில் களை பறிக்கிறவர்கள் வாங்கி மறுபடி கத்துவார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகையே வந்தது. "பெரியப்பா, அது ரகசிய நம்பரு!" என்றேன். அவர் ஆட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பத்து நிமிஷத்துல செத்துப்போற நம்பருக்கு இன்னாத்துக்கும்மா ரகசியம்?"

எட்டு எழுத்து

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு என் ஊரையே எடுத்துக்கொண்டேன். நோட்டீஸ் அடித்து நெல்லி மரத்தில் ஒட்டினேன். மூன்றே வரி. உங்க போனை யார்கிட்டயும் குடுக்காதீங்க. வர்ற நம்பரை யார்கிட்டயும் சொல்லாதீங்க. பேங்க் விஷயம்னா தனியா போய்ப் பேசுங்க. கூடவே ஒரு வகுப்பும் எடுத்தேன். பாஸ்வேர்டு என்றால் எட்டு எழுத்து இருக்கணும், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, ஒரு நம்பர் கலந்திருக்கணும் என்று தொண்டை வறளப் பேசினேன்.

அடுத்த முறை வந்தபோது ஊர் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேரும் போன் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள். ஒருத்தருக்குக்கூட மறக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்படி என்று குழுத் தலைவியைக் கேட்டேன். தலைவி வேறு யாருமில்லை, அப்பாவின் தங்கை பச்சையம்மா அத்தைதான். அத்தை பெருமையாகச் சொன்னார்: "மறந்துட்டா இன்னா பண்றதுன்னு பன்னண்டு பேரும் ஒண்ணையே வெச்சிக்கினோம். நீயும் வேணா அதையே வெச்சிக்கோ."

ஆள் தேவை

இதையெல்லாம் அறிக்கையாக எழுதி புரொஃபசர் மேடத்திடம் கொடுத்தேன். மேடம் நிதானமாகப் படித்தார். சிரிக்கவில்லை. ஊர் பூராவும் இப்படித் திறந்து கிடக்கிறது, ஆனால் ஏமாந்தவர் என்று ஒருத்தர்கூட இல்லையே, கேஸ் ஸ்டடி எங்கே என்றார். இல்லை மேடம் என்றேன். கேஸ் ஸ்டடி இல்லாவிட்டால் மார்க்கும் இல்லை என்பதை முகத்திலேயே காட்டினார். பிறகு மனமிரங்கி ஒரு வழி சொன்னார்: "சொந்தக்காரங்கள்ல யாராவது ஏமாந்திருப்பாங்கம்மா, நல்லா யோசிச்சுப் பாரு."

அத்தை திருந்தினார்

ஊரில் ஒருத்தரையாவது திருத்திவிட வேண்டும் என்று அத்தையைப் பிடித்தேன். காரணம் இருந்தது. சாமையை உரலில் குத்திக் குத்தி அந்தப் பன்னிரண்டு பேரின் கையும் காய்த்துப் போயிருக்கிறது. உமி நீக்குகிற மெஷின் ஒன்று வாங்க மூன்று வருஷம் மானியத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக நடந்து, கையில் இருந்ததையும் போட்டுச் சேர்த்த பணம் அப்போதுதான் அத்தை பேங்க் கணக்கில் முழுசாகச் சேர்ந்திருந்தது. அது போனால் மெஷின் போச்சு.

அத்தை என் பேச்சுக்கு மறுபேச்சு பேசவில்லை. போனை மரத்திலிருந்து இறக்கினார். பிளாஸ்திரியை உரித்தார். போனை இடுப்பில் செருகிக்கொண்டார். பேசணும் என்றால் பாறைக்கு அந்தப் பக்கம், யாரும் இல்லாத இடத்துக்குப் போய்ப் பேசினார். ப்ராஜெக்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டேன். நான் காலேஜுக்குக் கிளம்பும்போது என் தலையைத் தடவிச் சொன்னார்: "இனிமே ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. நீ நிம்மதியா போய்ட்டு வா."

பாறைக்கு அந்தப் பக்கம்

அடுத்த வாரமே, அத்தை பாறைப் பக்கம் போயிருந்த நேரம் ஒருத்தன் போன் போட்டான். பேங்க்லேர்ந்து பேசறோம், உங்க கணக்குல வந்திருக்கிற பணம் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரிபார்க்கலன்னா திரும்பப் போய்டும், யார்கிட்டயும் சொல்லாதீங்க, தனியா வந்து பேசுங்க என்றான். அத்தைக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நம்ம பொண்ணு நோட்டீஸுல இருக்கறதத்தானே சொல்றான்! பாறைக்கு அந்தப் பக்கம் போனார். கார்டு நம்பரைச் சொன்னார். ஓடிபி வந்தது. அந்த மெசேஜில் நாலைந்து நம்பர் இருந்தது. எது எது என்று அத்தைக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் பெரியப்பாதானே பார்த்துச் சொன்னார்? மூன்று தடவை தப்பாகச் சொன்னார். அவனுக்கே பொறுமை போய்விட்டது. பக்கத்துல படிச்சவங்க யாருன்னா இருந்தா குடும்மா என்று கத்தினான்.

அத்தை பெரியப்பாவைக் கூப்பிட்டு போனைக் கொடுத்தார். பெரியப்பா ஓடிபியைப் பார்க்கவே இல்லை. வழக்கம் போல ஆரம்பித்தார்: நீ யாரு, எந்த ஊரு, யார் வூட்டுப் புள்ள? பேங்க் என்றான். பேங்க்ல எந்த சாரு, மீசை சாரா, கண்ணாடி சாரா? மீசை சார் என்றான். மீசை சாரு போன மாசமே மாத்தலாகிப் போய்ட்டாரே! அதற்குள் களை பறித்தவர்களும் வந்து சுற்றி நின்றுகொண்டு, உன் அம்மா பேர் இன்னா, கல்யாணம் ஆச்சா என்று ஆளாளுக்குக் கேட்க, அவன் போனை வைத்துவிட்டான். ஓடிபி செத்துப் போயிருந்தது.

சேதி கேட்டதும் மூட்டையைக் கட்டினேன். முதல் பஸ்ஸில் வந்து அத்தையை பேங்குக்குக் கூட்டிப்போய் கார்டை நிறுத்தினேன். பணம் அப்படியே இருந்தது. வெளியே வந்ததும் வெட்கத்தில் அத்தை முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிடு அத்தை" என்றேன். அத்தை திட்டவில்லை. பையிலிருந்து புது பிளாஸ்திரியை எடுத்து போன் முதுகில் ஒட்டிக்கொண்டே சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லாத, தனியா வந்து பேசுன்னு இதுவரைக்கும் என்கிட்ட ரெண்டே பேருதான் சொல்லியிருக்கீங்க, நீயும் அவனும்."

ப்ராஜெக்ட்டில் நல்ல மார்க் வந்தது, 'குற்றவாளி கையாண்ட முறை' என்ற தலைப்புக்குக் கீழே என் நோட்டீஸையே இணைத்திருந்தேன்.