ஏழாவது பை

ஜிப் பையில் துணி அடுக்கும் வித்தையை எனக்குக் காட்டியது சென்னையிலிருந்து வந்த ஒரு விருந்தாளி. மலைமேல் கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டின் முன்பாதியை நானும் கணவரும் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். கம்பளி கொடுக்கப் போனபோது அந்தப் பெண் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பை. காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இழுத்து மூடி, வரிசையாக நிற்க வைத்திருந்தார். எதையும் கலைக்காமல் எதையும் எடுக்கலாம். எனக்கு ஒழுங்கென்றால் உயிர். நின்றுகொண்டே பார்த்தேன்.

பக்கத்தில் நின்ற என் அம்மாவும் பார்த்தாள். அவளுக்குப் பிடிக்கவில்லை.

அம்மா முப்பது வருடம் எஸ்டேட் களத்தில் காப்பிக்கொட்டை காய வைத்தவள். ஒரு கொட்டையைப் பல்லில் கடித்துப் பார்த்தே காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அவள் சரி என்ற பிறகுதான் கணக்கெழுதும் ரைட்டர் மூட்டையைத் தைக்கவே சொல்வார். எழுபத்தைந்து வயதில் பல பெயர்கள் மறந்துவிட்டன, சாப்பிட்டது மறந்துவிட்டது. ஈரத்தை மட்டும் கை மறக்கவில்லை. விருந்தாளிகளின் துண்டைத் தொட்டுப் பார்ப்பாள், தலையணையைத் தூக்கிப் போய் வெயிலில் போடுவாள். நான் கத்துவேன்.

மறுநாள் அந்தக் குடும்பம் கரடியூர் மலைமுனை பார்க்கப் போயிருந்தது. அம்மா அறைக்குள் போய் எல்லாப் பைகளையும் பிரித்து, அத்தனை துணியையும் வாசலில் கொடி கட்டி உலர்த்திவிட்டாள். ஜட்டி உள்பட. அவர்கள் திரும்பி வந்து இறங்கியபோது வாசல் முழுக்க அவர்கள் மானம் ஆடிக்கொண்டிருந்தது.

"ஈரத்தோட மூடி வெச்சா பூசணம் புடிச்சுக்கும் கண்ணு. நான் ஒண்ணும் திருடலயே" என்றாள் அம்மா.

அந்தப் பெண் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். அடுத்த இரண்டு வாரம் அறை கேட்டு ஒரு போன் வரவில்லை. நான் அம்மாவிடம், "நீ இருக்கற வரைக்கும் இந்த ஊடு உருப்படாது" என்றேன். சொன்னதை நன்றாகவே நினைவு வைத்திருக்கிறேன். வாயைத் திறக்காமலே காரியத்தை முடிக்கத் தெரிந்தவர் கணவர். அந்த வாரமே அடிவாரத்தைத் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். அம்மாவின் அறையிலிருந்து பள்ளத்தாக்கு தெரியும். அதையும் வாடகைக்கு விடலாம் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை.

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அறைக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், காயும்வரை ஒரு வாரம் அங்கே இரு என்றேன். சேலத்தில் பெரிய ஜிப் பை ஒரு கட்டு வாங்கி வந்து கட்டிலில் பரப்பினேன்.

"இங்க பாரும்மா, ஏழு நாளு, ஏழு பை. தெனம் ஒண்ணப் பிரிச்சுக் கட்டிக்க. ஏழாவது முடியற அன்னைக்கு நான் வந்துருவேன்."

"ஏழே நாளா?"

"ஏழே நாளுதான்."

அவள் விரல் விட்டு எண்ணித் தலையாட்டினாள். இப்படி நம்புகிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஏமாற்றுகிறவருக்கு ஏமாறுகிறவர் மேல்தான் கோபம் வரும்போல.

ஒரு சேலை, பாவாடை, ஜாக்கெட், துண்டு. ஆறு பை கட்டிவிட்டேன். ஏழாவதுக்குச் சேலை இல்லை. மழைக்காலம், மூன்று நாளாக மஞ்சு மூட்டம் விலகவில்லை, கொடியில் கிடந்த எதுவும் காயவில்லை. அம்மா ஜன்னலோரம் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய டிரங்குப் பெட்டியின் அடியில் கைவிட்டேன். துணியில் சுற்றி, பாச்சை உருண்டை போட்டு, ஒரு சந்தன நிறப் பட்டு இருந்தது. மாதா கோயிலில் தாலி கட்டியபோது அவள் உடுத்தியது. அப்பாவை அடக்கம் செய்த அன்று என்னிடம் எடுத்துக் காட்டி, "என்னைய இதக் கட்டித்தான் அடக்கம் பண்ணோணும்" என்று சொல்லி வைத்தது.

தெரியாமல் எடுத்தேன் என்றால் பொய். காய்ந்த சேலை அது ஒன்றுதான் இருந்தது என்பது உண்மை. ஆனால் வாயை மூடும்போது இன்னொன்றும் தோன்றியது. அங்கேயே இருக்கட்டும், நாளைக்கு ஒன்று ஆனால் தேடிக்கொண்டு ஓட வேண்டாம். அதை நினைத்துக்கொண்டேதான் காற்றை அழுத்தி வெளியேற்றினேன். பெட்டி அத்தனை அழகாக இருந்தது.

திங்கட்கிழமை கொண்டுபோய் விட்டோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி போனேன். கூட்டி வர அல்ல. அவளுடைய மீதித் துணிகளையும் பை பையாகக் கட்டி இன்னொரு பெட்டியில் கொண்டுபோனேன்.

அம்மா கேட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சந்தனப் பட்டை உடுத்தியிருந்தாள். கீழ்நாட்டுச் சமவெளி வெயிலில் முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. காலடியில் பெட்டி.

"ஏனுங்க, காலைல இருந்து இங்கயேதான் உக்காந்திருக்காங்க. சோறுண்ணக்கூட வரல. மக வருதுன்னு ஒரே பேச்சு" என்றார் இல்லத்தில் வேலை செய்யும் பெண்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ சொன்னாப்பலயே தெனம் ஒண்ணு கட்டுனேன். இன்னைக்கு ஏழாவது" என்றாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெயிண்ட் காஞ்சுதா?"

"இன்னும் இல்லம்மா."

"மழைக்காலம். காயாது" என்றாள்.

உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். பட்டை மடித்து என் மடியில் வைத்தாள். "இது இங்க வேண்டாம் கண்ணு. இவங்களுக்கு எது எதுக்குன்னு தெரியாது. நீயே வெச்சுக்க. கட்டி உடறதுக்காவது வருவீல்ல?"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் கை என்ன செய்தது தெரியுமா? பிரித்துப் போட்டிருந்த ஏழாவது பையை எடுத்து, சேலையை உள்ளே வைத்து, காற்றை அழுத்தி, வாயை இழுத்து மூடியது. அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மட்டும் திரும்பினேன். மலை ஏற ஏறக் குளிர்ந்தது. பாதி வளைவுகள் தாண்டியதும் மடியைப் பார்த்தேன். பையின் உட்பக்கமெல்லாம் நீர் கோத்திருந்தது. அவள் வியர்வை. வீட்டுக்குப் போனதும் விரித்துப் போட வேண்டும் என்று நினைத்தேன். போனால், அம்மாவின் அறையில் தங்க ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். பையை பீரோ மேல் வைத்துவிட்டு டீ போடப் போனேன்.

மழை விட்டு, ஞாபகம் வந்து எடுத்தபோது சேலை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். சலவைக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, மடிப்பெல்லாம் இத்துப்போச்சு என்று திருப்பிக் கொடுத்தார்.

மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போகிறேன். பல நேரம் என்னை யாரென்று தெரிவதில்லை. ஆனால் கையைப் பிடித்து ஒன்று மட்டும் கேட்பாள்.

"அந்தச் சேலையக் காய வெச்சியா கண்ணு?"

"நல்லாக் காஞ்சிருச்சும்மா" என்கிறேன். தலையாட்டுகிறாள்.