தெய்வானை படிக்காமல் போட்ட கையெழுத்து

அன்று காலை நான் முதலில் செய்தது, காவிரித் தண்ணீர் வருகிறதா என்று தரைக்கடித் தொட்டியான சம்ப்பின் இரும்பு மூடியைத் தூக்கிப் பார்த்ததுதான். நூல்போல வந்துகொண்டிருந்தது. அப்போது எதிர்த் தெரு திவ்யா போன் செய்தாள். "ஆன்ட்டி, தெய்வானை அக்கா போயிட்டாங்க. மாரடைப்பாம். ஆட்டோல ஏத்துறதுக்குள்ளயே…" மூடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். நாற்பத்தெட்டு சாகிற வயதில்லை என்று தோன்றியது. எதற்கு எது சரியான வயது என்று சில வாரங்களுக்கு முன்புதான் எங்கள் தெருவில் பெரிய வாக்குவாதமே நடந்திருந்தது.

எங்கள் நீலசந்திரா பகுதியில் அக்காவை அறியாதவர்கள் குறைவு. ஆனாலும் பிறகு குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஒரு காலத்தில் எங்கள் வார்டின் கவுன்சிலர். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, தன் மனைவியின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லாததால், கட்சிக்காரர் ஒருவர் எதிர்வீட்டு மேஸ்திரியின் மகளான அக்காவை நிறுத்தினார். அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு. தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவர். கன்னடம் சரளமாகப் பேசுவார், ஆனால் ஓரெழுத்தும் படிக்கத் தெரியாது.

கட்சி அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமைதோறும் கவுன்சிலர் பெயர் அச்சிட்ட வெற்றுத் தாள்கள் ஒரு கட்டு வந்து இறங்கும். எல்லாவற்றிலும் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்கா போய்விடுவார். இருப்பிடச் சான்று, பள்ளிக்குச் சிபாரிசு என்று வாரம் முழுக்க மேலே கன்னடத்தில் எழுதிக்கொள்வார்கள். எழுதியது நான். அப்பா அரசு ஊழியர். நான் கன்னடப் பள்ளியில் படித்தவள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கல்லூரி விட்டு வந்ததும் என்னைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

ஒரு நாள் எழுதச் சொன்ன கடிதம் இது: சந்து முனையிலுள்ள பெண்கள் கழிப்பறையை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை, அதை மூடுவதில் கவுன்சிலருக்கு ஆட்சேபணை இல்லை. அந்தச் சந்தில் பாதி வீடுகளுக்குக் கழிப்பறை கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன். நான்கு வரி. சில மாதங்களில் அங்கே கடைகள் எழும்பின. பெண்கள் விடியுமுன் எழுந்து மெயின்ரோடு வரை நடந்தார்கள். அக்காவின் அம்மாவும் நடந்தார். தெருவே அக்காவைத் திட்டியது. "சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்" என்று பெரியவர்கள் பரிதாபப்பட்டார்கள். கடிதம் எழுதச் சொன்னவர்களும் அந்தப் பெரியவர்களில் இருந்தார்கள்.

பதவி முடிந்ததும் அக்கா கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனார். மகனின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்திலும் பஸ் போர்டுகளிலும் கன்னட எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தத் தாளையும் சத்தமாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. ஒருமுறை கூரியர்காரர் வாசலில் தவித்தது நினைவிருக்கிறது. "அக்கா, சீக்கிரம். இன்னும் நாப்பது வீடு இருக்கு."

"இருப்பா. நாலு வரிதானே?"

"அதுக்குத்தான் சொல்றேன், நாலு வரிக்கு எதுக்கு இவ்ளோ நேரம்?"

"நாலு வரியிலதான்பா என் வார்டே போச்சு."

ஒரு மழை நாளில் என் வீட்டுக்கு வந்தார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அந்தக் கடிதத்தின் நகலை வாங்கியிருந்தார். "சுமதி, இது உன் எழுத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். "படி" என்றார். படித்தேன். முடித்ததும், "அன்னிக்கும் இப்படிப் படிச்சுக் காட்டியிருக்கலாமில்ல?" என்றார். காபி குடித்துவிட்டு, நகலை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பல வருடங்களாக எங்கள் வார்டுக்குக் கவுன்சிலரே இல்லை. தேர்தல் வரும், வரும் என்கிறார்கள். போன மாதம் சாக்கடைப் பிரச்சனைக்காகத் தெருவில் கூடியபோது, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் திவ்யா, தேர்தல் வந்தால் சுயேச்சையாக நிற்கப் போவதாகச் சொன்னாள். அவளுக்கும் இருபத்திரண்டு. அக்கா உடனே மறுத்தார். "வேணாம்மா. என்னையும் மாலை போட்டுத்தான் நிக்க வெச்சாங்க. கொலு பொம்மைக்கும் மாலை போடுவாங்க. முப்பது ஆகட்டும், நானே கூட வர்றேன்."

"வயசானவங்க இத்தனை வருஷமா என்ன கிழிச்சாங்கக்கா?"

"ஏம்மா, ரோட்டைக் கிழிச்சாங்களே, பாக்கலியா?" என்றார் ஆட்டோ ஓட்டும் நசீர் பாய். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், ஆனால் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

திரும்பி நடக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். ஆனா என்னைச் சுத்தி இருந்தவங்களுக்கு எல்லாம் தெரியும். அனுபவம் அந்த ஆபீஸ் ரூம்ல நெறைய இருந்துச்சு சுமதி, எனக்குத்தான் அதுல ஒரு துளிகூட வரல." பிறகு, "இந்தப் பொண்ணுக்குப் படிக்கத் தெரியும். பக்கத்துல யாரு நிப்பாங்கன்னுதான் பயமா இருக்கு" என்றார். அவரோடு நான் கடைசியாக நடந்தது அதுதான்.

அதே வாரம் திவ்யா என்னிடம் வந்து, தன் வேட்புமனுவை முன்மொழிந்து கையெழுத்துப் போடுவேனா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் வயதுக்காரர்களுக்கு அது கைவந்த பதில். எதையும் யோசிக்காமல் இருப்பதற்குத்தான் அப்படிச் சொல்கிறோம். சாவு வீட்டில் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்காவின் பொருள் என்று என்னிடம் இருப்பது அந்த நகல் ஒன்றுதான். மேலே என் அழகான எழுத்து, கீழே அவருடைய கோணல் கையெழுத்து. இத்தனை வருடமும் அதைக் கிழிக்கவும் முடியவில்லை, எடுத்துப் பார்க்கவும் முடியவில்லை. காரியம் முடிந்த அன்று வெளியே எடுத்தேன்.

தேர்தல் அறிவித்ததும் திவ்யாவின் மனுவில் கையெழுத்துப் போடுவேன். அவள் ஜெயித்தால் திங்கட்கிழமைதோறும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு தாளையும் சத்தமாகப் படிப்பேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. திவ்யாவுக்கே இந்த நினைவுக் குறிப்பைப் படித்துத்தான் தெரியவரும். அக்கா இருந்திருந்தால் சம்மதித்திருப்பாரா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. முப்பது ஆகட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.